கொண்டல் கொண்டுவந்த புகை

2023 மார்ச் 28: சூடைக் கருவாடு விற்றது, ரூ. 21,600
2023 ஏப்ரல் 11: விற்றது ஒன்றுமில்லை
2023 ஏப்ரல் 19: மூச்சுக்கு இழுக்கும் மருந்து வாங்கியது, ரூ. 1,850

மூன்றும் சிவக்கொழுந்தின் கணக்கு. சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் கருவாடு போடுகிறவர். எனக்கு அடுத்த வளவில் குடியிருக்கும் பெண்.

கிழக்கிலிருந்து கொண்டல் வீசும்போது கடல் வெளுத்தால் இங்கே மழை. அப்போது பெண்கள் வீட்டுக்கு ஓடுவதில்லை. கடலை நோக்கி ஓடுவார்கள். மணலில் விரித்த வலைகளைக் கருவாட்டோடு சுருட்டுவார்கள். யாருடைய வலை என்று பார்ப்பதில்லை.

ஏப்ரல் 11 காலையும் கடல் வெளுத்தது.

"மழை வருகுது, ஓடியாங்கோ!" என்று கத்திக்கொண்டு சிவக்கொழுந்துதான் முதலில் ஓடினார்.

வெள்ளை வந்து மூடியது. இடியில்லை, துளியில்லை. தினமும் மழையளந்து குறிக்க நான் முற்றத்தில் வைத்திருக்கும் மழைமானி உலர்ந்தே கிடந்தது. பயிற்சிக்கு வந்த படைப் படகுகள் தங்களை மறைக்க விட்ட புகை அது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. உள்ளே மணலும் இல்லை, கரையும் இல்லை. கைக்கெட்டிய தூரத்தில் சூடைகள் மட்டும் மறுபடி உயிர் வந்து நீந்துவது போலிருந்ததாம்.

"வடிவாத்தான் இருந்தது, அண்ணை. மேகத்துக்குள்ள நடந்த மாதிரி" என்றார் பிறகு, இருமலுக்கு நடுவே.

அந்தப் புகையின் துத்தநாக உப்பு ஈரமான நெஞ்சில் அமிலம் போல் அரிக்கும் என்றார் டொக்டர். இன்னொரு தடவை சுவாசித்தால் தாங்க ஏலாது என்றும் சொன்னார். வேலியோரத்து முருங்கையில் இலைகள் புள்ளி விழுந்து கருகின.

கிண்ணியாவிலிருந்து வந்த கருவாட்டு முதலாளி கலீலுர் றஹ்மான் ஒரு மீனை முகர்ந்துவிட்டு வைத்தார். "இதைப் பூனைக்குப் போட்டாலும் வழக்குப் போடும், அக்கா."

"அப்ப பூனையிட்டை கையெழுத்து வாங்கிப்போட்டு எடுங்கோ."

அவர் சிரித்தார். எடுக்கவில்லை. அவ்வளவையும் குழி தோண்டிப் புதைத்தோம்.

அடுத்த பயிற்சி எப்போது என்று தெரியாமல் சிவக்கொழுந்து மணலில் இறங்கப் பயந்தார். மகள் லக்சனாவை இருத்தி பயிற்சி நடத்தும் படையின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவித்தார். "நிப்பாட்டச் சொல்லி எழுதாதை, பிள்ளை. கேக்க மாட்டினம். பயிற்சி நாளை மட்டும் முன்னமே சொல்லச் சொல்லு."

மூன்று கடிதங்கள் போயின. இரண்டுக்கு, கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது.

2024 ஏப்ரல் 22 காலை கடற்கரையில் ஒரு வலைகூட விரிந்திருக்கவில்லை. கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. வெள்ளை வந்தது, வெறும் மணலில் சற்று நேரம் படுத்திருந்து, யாரையும் காணாததுபோல் எழுந்து போனது. அந்நேரம் சிவக்கொழுந்து வெருகலில், தங்கை வீட்டில், ஆற்றங்கரையில் கால் நனைத்தபடி இருந்தார்.

மறுநாள் திரும்பியவர் இருமவில்லை. வேலியில் நின்று முருங்கையை அண்ணாந்து பார்த்தார். தளிரெல்லாம் மறுபடி கருகியிருந்தது.

"பாவம். இதுக்கு வெருகல் பஸ் ஏறத் தெரியேல்லை" என்றார்.

மூன்றாவது கடிதத்துக்கு, பயிற்சி ஏப்ரல் 22 என்று நாள் குறித்துப் பதில் வந்தது 2024 ஏப்ரல் 18.