ஓடிப்போய் நட்ட பாத்திகள்

முதல் அறிகுறி குளிர். கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை எங்கள் குழுவோடு ஓடிக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கு மட்டும் பல் தந்தியடித்தது. மழைக்காலத்துக் காற்று என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்.

நாங்கள் பதினோரு பேர். ஞாயிறுதோறும் கடற்கரையில் கூடி, ஐந்து கிலோமீட்டர் ஓடி, ஊருக்குள் இருக்கும் ஓர் அரசுப் பள்ளிக்குப் போவோம். அதன் பின்புறம் காலியாகக் கிடந்த இடத்தில் கீரை, கத்தரி, வெண்டை போட்டிருந்தோம். விளைவதெல்லாம் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு. ஒரு மணி நேரம் மண்வேலை, பிறகு அவரவர் வீட்டுக்கு. வெறுமனே ஓடு என்றால் மூன்றாவது வாரமே நின்றிருப்பேன். போய்ச் சேரும் இடத்தில் ஒரு வேலை காத்திருந்ததால்தான் இரண்டு வருடம் ஓடினேன்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் அளவு நன்றாக இறங்கியது. அந்தப் பெருமையில் மருத்துவரைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்தினேன். இதைப் படிப்பவருக்குச் சர்க்கரை இருந்தால், இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போகட்டும்.

அக்காவின் கணவரையும் குழுவுக்கு நான்தான் இழுத்துவந்தேன். மாமாவுக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளி வேன் ஓட்டினார். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. அவர் ஓட மாட்டார், வேகமாக நடப்பார். எல்லோருக்கும் பின்னால் வந்து சேருவார். எல்லோருக்கும் பின்னால் கிளம்புவார்.

அந்த மழையில் தோட்டத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிகால் வெட்ட இறங்கினோம். ஷூ பாழாகிவிடும் என்று கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு சேற்றில் நின்றோம். ஷூ கடித்து என் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. மாமாவுக்கு எப்போதும் பித்தவெடிப்பு. சேற்றில் நின்றால் உடம்புச் சூடு இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். நல்லது என்று நாங்களும் நின்றோம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தக் குளிர்.

முதலில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். பிறகு டைபாய்டு. மூன்றாம் வாரம் இருமல் தொடங்கியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பாகத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. சளியில் காசநோய்க் கிருமி தென்படவில்லை என்றாலும் காசநோயாகத்தான் இருக்கும் என்று மருந்து தொடங்கினார்கள். அந்த மருத்துவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

மாமா தினமும் சாயந்திரம் வேனை நிறுத்திவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"தோட்டத்துல என் பாத்தி என்னாச்சு மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ பேசாம படு ஜெயா. உன் பாத்தியையும் சேத்து நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டார். மழை விட்டுவிட்டுப் பெய்த எல்லா ஞாயிறும் போனார்.

மூச்சு விட முடியாமல் போன நாளில் சிதம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அக்கா துணைக்கு வந்து தங்கினாள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள், என்னைக் கழிப்பறைக்கு அழைத்துப்போனாள், வாந்தியைத் துடைத்தாள். வீட்டில் மாமா தனியாக இருந்தார்.

ஸ்கேனில் நுரையீரலுக்குள் சீழ்க்கட்டிகள் தெரிந்தன. ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று சத்துக் கரைசலில் வைத்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினார்கள். அதற்கு நாள் பிடிக்கும். அந்த வாரம் ஞாயிறு, மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு மாமா வந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். அக்கா அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுதே."

"சளிதான். பஸ்ஸுல காத்து ஜாஸ்தி," என்றார். "நீ இவளப் பாரு."

முடிவு வந்தது புதன்கிழமை. மருத்துவர் இளம்பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"உங்களுக்கு டிபி இல்லம்மா. மெலியாய்டோசிஸ்னு பேரு."

மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் கிருமியால் வரும் தொற்று அது. காலில் உள்ள புண் வழியாக நுழையலாம், மூச்சோடும் போகலாம். ஆரோக்கியமாக இருப்பவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சர்க்கரைக்காரர்களை விடாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது மிக அரிது. எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"உங்ககூட அந்தச் சேத்துல வேலை செஞ்சவங்க யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே செல்போனை எடுத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமா எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். மாமா கட்டிலில் கிடந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே ஆம்புலன்ஸில் அதே மருத்துவமனைக்கு வந்தார். எனக்குப் போட்ட அதே ஊசி மருந்தைச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே தொடங்கினார்கள். கிருமி ரத்தம் முழுக்கப் பரவி, சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. நான் மூன்றாவது மாடியில், அவர் முதல் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில். சொட்டு மருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு லிப்ட்வரை நடந்தேன். தாதி திருப்பி அனுப்பிவிட்டார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை காலை மாமா இறந்தார்.

அக்கா தன் பையை எடுக்க மேலே வந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை, விலக்கிக்கொண்டாள்.

"உன் பாத்தி, உன் பாத்தின்னு போனாரு," என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாமாவின் கல்ச்சர் முடிவு, அவரை எரித்து இரண்டு நாள் கழித்து வந்தது. அதே கிருமி.

ஊசி எனக்கு மேலும் பத்து நாள் தொடர்ந்தது. கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் தோழி துணைக்கு இருந்தாள். காய்ச்சல் இறங்கிய அன்று தாதி தெர்மாமீட்டரைக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. உடம்பு என்னைக் கேட்காமலே பிழைத்துக்கொண்டிருந்தது. பசித்தது. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் ஐந்து மாதம் மாத்திரை. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஒவ்வொன்றும் பெரியது. வாந்தி வரும், தோலில் தடிப்பு வரும், அடிக்கடி ரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள். நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். உங்களுக்கும் இந்தச் சிகிச்சை என்றால், மிகக் கடினமான மாதம் மூன்றாவது. உடம்பில் நோய் தெரியாது, மாத்திரை மட்டும் தெரியும். அந்த மாதத்தைத் தாண்டிவிடுங்கள்.

பரிசோதனைக்குப் போனபோது ஒருமுறை கேட்டேன்.

"அந்தத் தோட்டத்துலேர்ந்துதான் வந்துதா டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. இந்தப் பக்கத்து வயல்ல, வாய்க்கால்ல எங்க வேணா இருக்கலாம். உங்க மாமா வீட்டுக்கு முன்னாடி தேங்குன தண்ணியாக்கூட இருக்கலாம்."

ஆறுதலுக்குச் சொன்னார் என்று தெரியும். ஆனால் அந்தப் பதில் எனக்கு ஒரு பக்கமும் சாய இடம் தரவில்லை. நான்தான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தாலாவது அழுது தீர்த்திருப்பேன்.

குழுவினர் பள்ளியில் கூடியபோது எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்தை மூடிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். தலைமை ஆசிரியை, "மூடிட்டா புல்லு மொளைக்கும், பசங்க விளையாடப் போவாங்க. அதுக்குச் செய்யிறதச் சரியாச் செய்யலாம்," என்றார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையுறை வாங்கினார்கள். மழைக்காலத்தில் சர்க்கரைக்காரர்களும் காலில் புண் உள்ளவர்களும் மண்ணில் இறங்குவதில்லை என்று முடிவானது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

அக்கா பேசவில்லை. காரியத்துக்குப் போனேன்; எல்லோருக்கும் போல எனக்கும் இலை போட்டாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒரு போன்கூட இல்லை.

ஒரு ஞாயிறு காலை, பள்ளியில் எல்லோரும் கிளம்பிய பின் நான் பூட்ஸ்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு எங்க நிப்பாரு?" என்றாள்.

மதிலோரம் இருந்த இரண்டு பாத்திகளைக் காட்டினேன். வெண்டை காய்த்திருந்தது. அவள் மண்ணில் கால் வைக்கவில்லை. சிமெண்ட் விளிம்பில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"இங்க வர்றப்ப சந்தோஷமா இருப்பாரா?"

"இருப்பாருக்கா. டீச்சருங்ககிட்ட கதை பேசிக்கிட்டே களை எடுப்பாரு. கெளம்பச் சொன்னாலும் கெளம்ப மாட்டாரு."

"எங்கிட்ட அதையெல்லாம் சொன்னதே இல்ல," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எந்த பஸ்ஸு வரும்?"

"நடந்தே போயிடலாம்."

பள்ளியிலிருந்து அக்கா வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். ஒரு காலத்தில் அது எனக்கு மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் முடிந்துவிடும் தூரம். இப்போது பெட்டிக்கடை தாண்டுவதற்குள் வலப்பக்க விலாவில் பிடித்தது. நின்றேன். கொஞ்ச தூரம் முன்னால் போயிருந்த அக்கா, திரும்பிப் பார்க்காமல் அங்கேயே நின்றாள். என் செருப்புச் சத்தம் கேட்டபின் நடந்தாள். பாலத்தருகே மறுபடி நின்றேன், அவளும் நின்றாள். அவள் வீட்டை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.