சுழலும் தட்டில் மறைந்த ரோஸ் நிறம்

செஞ்சியில் எனக்குப் பேச ஆள் இல்லாமல் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அது எண்பதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகாத ஒரு பெண் தனியாக வந்து வாடகைக்குக் குடியிருந்து, திண்டிவனம் சாலையில் இருந்த சின்ன கெமிக்கல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அவளிடம் என்ன பேசுவதென்று ஊருக்குத் தெரியவில்லை. கம்பெனியில் கெமிஸ்ட் நான் ஒருத்திதான். மூட்டை தூக்குபவர்களும் தொட்டி கலக்குபவர்களும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

நாங்கள் பல்பொடிக்குப் போகும் வெள்ளைச் சுண்ணத்தூள் செய்தோம். இரண்டு உப்புக் கரைசல்களைத் தொட்டியில் ஊற்றிக் கலக்கினால் தூள் படியும். ஒருமுறை பல்பொடிக்காரர்கள் ஒரு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். நறநறவென்றது. தூள் உருவாவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்; தொட்டி முழுக்கக் கலக்கவோ வெகுநேரம் ஆகும். அதற்குள் ஒரு பக்கம் மாவாகவும் இன்னொரு பக்கம் மணலாகவும் படிந்துவிடுகிறது.

சுழலும் தட்டின் நடுவில் ஊற்றும் திரவம் மெல்லிய படலமாக விரிந்து விளிம்புக்கு ஓடும் என்று எப்போதோ படித்திருந்தேன். படலம் மெல்லிசாக இருந்தால் இரண்டு கரைசல்களும் ஒன்றையொன்று தேடிப் போக வேண்டிய தூரமே இருக்காது. முதலாளியிடம் கேட்டு ஒரு பழைய மோட்டாரை வாங்கினேன். கடைத்தெரு லேத் பட்டறையில் ஒரு எஃகுத் தட்டைக் கடைந்து பொருத்தினேன். விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிக்குப் போய் வேலை செய்தேன். ஆர்வம் ஒரு காரணம். ஞாயிறு முழுக்க வாடகை அறையில் தனியாக உட்கார்ந்திருக்கப் பயம் என்பது இன்னொன்று.

கலப்பைக் கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. காரக் கரைசலில் நிறங்காட்டி மருந்தைச் சில சொட்டு விட்டால் ரோஸ் நிறமாகும். போதுமான அமிலம் சேர்ந்த இடத்தில் நிறம் போய்விடும். இரண்டையும் தட்டின் நடுவில் விட்டேன். மெதுவாகச் சுற்றியபோது ரோஸ் நிறம் கோடு கோடாக விளிம்புவரை வந்தது. மோட்டாரின் புல்லிச் சக்கரத்தை மாற்றி வேகத்தைக் கூட்டியதும் கோடுகள் சுருங்கின. இன்னும் கூட்டினேன். படலமே கிழிந்து, திரும்பவும் கோடுகள். உப்புத்தாளால் தட்டைச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் படலம் பிடித்து நின்றது. அன்று நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ரோஸ்; அதைத் தாண்டி வெறும் தெளிந்த நீர். சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு தகரக் கூரையில் பட்டு எனக்கே திரும்பிக் கேட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

வீடு திரும்பியபோது எதிர்ப் போர்ஷனில் இருந்த வீட்டுக்கார அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் துபாயில் இருந்தார்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழம கூடவா பேக்டரி? சாப்டியா?"

தினமும் கேட்பதுதான். அன்று நான் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் வந்து பாக்கலாமா?"

அடுத்த ஞாயிறு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். தட்டின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எங்கம்மா போச்சு அந்த ரோஸு?"

"கலந்துடுச்சுக்கா."

"அதுக்குள்ளயா?" என்றார். பிறகு, "இன்னொரு தபா வுடு" என்றார். மருந்து தீரும்வரை விட்டுக்காட்டினேன்.

பிறகு உப்புக் கரைசல்களையே தட்டில் விட்டுச் செய்த தூளை முதலாளி விரலில் தேய்த்துப் பார்த்தார். "மாவாட்டம் இருக்குதும்மா. ஆனா இந்தத் தட்டு நாள் பூரா சுத்துனாலும் ஒரு தொட்டி ரொம்புமா?"

"நாலஞ்சு தட்டு போடலாம் சார்."

"கரண்ட்டே ஒழுங்கா நிக்காத ஊர்ல அத்தினி மோட்டாரா? பல்பொடிக்காரன் போனா போறான். டிஸ்டெம்பர்காரன் கேக்குறான். செவுத்துக்கு நறநறன்னு இருந்தா இன்னா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வாரமே மோட்டாரைக் கழற்றிக் கிணற்று பம்புக்கு மாட்டினார்கள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பெரும்பாலும் பேசாமல்தான் சாப்பிடுவோம். ஒருநாள் மட்டும், "அவர் போனப்போ எனக்கு இருவது வயசு. வரும்போதெல்லாம் யாரோ விருந்தாளி வந்தாப்ல இருக்குது" என்றார். குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

சில மாதங்களில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புகுந்த வீட்டார் அக்காவை வேலூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்ப் போர்ஷன் பூட்டிக் கிடந்தது. சாப்டியா என்று கேட்க யாருமில்லை. மழைக்காலம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுச் செஞ்சியிலிருந்தே கிளம்பினேன். பஸ்ஸில் கூட்டம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் வரை போனேன்.