வாயல்ல, வாசல்

எனக்கு நன்றாகப் பேச வரும் என்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், கச்சிராயபாளையம் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் களையெடுக்கும் பெண்களிடம் வரப்பில் நின்றே பேசுவேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முப்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் பரிசோதனைக்கு வாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். மூன்று வாரத்தில் வந்தது நான்கே பேர். நால்வருமே வெற்றிலை போட்டு வாய் சிவந்தவர்கள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பெண்களை வேலைக்குச் சேர்த்து அழைத்துப்போகிற அக்கா ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் வந்தால் கூட்டமே பின்னால் வரும் என்று தெரிந்து, ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்களே வரலைன்னா எப்படிக்கா?"

"நானு வெத்தல, பொயல எதுவும் தொடறதில்ல சிஸ்டர். எனக்கு இன்னாத்துக்கு வாயில புத்து வரப்போவுது?"

அத்தனை நாள் நான் தொண்டை வறளப் பேசியது வாய்ப் புற்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டேன். கர்ப்பப்பை இது, அதன் கீழ்முனை இது, இதைத்தான் வாய் என்கிறோம். ஒரு தொந்தரவும் இல்லாதபோதே பார்த்துவிட்டால் புற்றாக மாறாமல் தடுத்துவிடலாம் என்றேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது வாயி இல்ல சிஸ்டர், வாசல். கர்ப்பப்பை வாசல்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்."

மறுநாள் தனியாக வந்தார். மருந்து தடவிப் பார்த்த நர்ஸ், ஓர் இடம் வெள்ளையாகத் தெரிகிறது என்றார். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை நானும் கூடப் போனேன். இன்னும் புற்றாகவில்லை, அப்படியே விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்று சொல்லி, அந்த இடத்துக்கு மட்டும் சிகிச்சை செய்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த மாதம் டவுன் பஸ்ஸில் பதினேழு பெண்களோடு வந்து இறங்கினார். நான் பேச எழுந்தேன். "நீங்க உக்காருங்க சிஸ்டர்" என்று என்னை அமர்த்திவிட்டு அவரே பேசினார். என் அத்தனை நாள் பேச்சும் அவருடைய ஐந்து நிமிடத்துக்கு உறைபோடக் காணாது. இப்போது கல்வராயன் மலைமேல் கூட்டம் போட்டாலும் நான் வாசல் என்றுதான் சொல்கிறேன். அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் பேசி முடித்ததும், வரிசையில் நின்ற ஓர் இளம்பெண் அவரைக் கேட்டாள்.

"நீங்களும் நர்சாக்கா?"

"இல்லடி. நானு முன்னாடியே வந்து பாத்துக்கினவ."