முட்டை திருப்ப என்னை விடாத அக்கா

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப்பேர் அவரை "எங்க அக்கா" என்றுதான் சொல்லிக்கொள்கிறீர்கள். சாவு வீட்டிலேயே அதைக் கேட்டேன். பட்டினப்பாக்கத்து மீன்காரப் பெண்களும் தேனாம்பேட்டை முட்டைக் கடைக்காரரும் ஒருவர் பாக்கியில்லாமல் "எங்க அக்கா போயிட்டாங்களே" என்று அழுதார்கள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, இத்தனை பேருக்கு இவர் எப்போது அக்கா ஆனார் என்று வயிறு எரிந்தது. கட்டுரை எழுதச் சொன்ன அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். அதையே எழுதுங்கள் சித்தி என்றான். எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருவான்மியூரில். நான் பிறப்பதற்குள் எங்கள் நைனாவுக்கு அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பட்லர் வேலை கிடைத்து, அங்கேயே பின்பக்கத்தில் வேலைக்காரர்களுக்கான வீட்டில் குடியேறிவிட்டோம். துரைசாணி வளர்த்த கோழிகளை அம்மா பார்த்துக்கொண்டார். அக்கா பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். நான்தான் தொடர்ந்து படித்தேன். அப்படியும் அக்கம்பக்கத்தில் மூத்தவள் கெட்டிக்காரி என்றுதான் பேச்சு. என்னைச் "சின்னது" என்பார்கள். பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

யுத்த காலத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியானபோது துரை குடும்பமும் கிளம்பிவிட்டது. பங்களாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனார்கள். ஆனால் சம்பளம் வருவது நின்றுபோனது. எங்களுக்கு மிஞ்சியவை துரைசாணி விட்டுப்போன வெள்ளைச் சீமைக் கோழிகளும், ஓடாமல் நின்றுபோன ஒரு பழைய ஐஸ் பெட்டியும். இன்றைக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் பிரிட்ஜ்தான் அது. அன்று அடையாற்றில் அதைப் பார்த்தவர்களே குறைவு.

சீமைக் கோழி நன்றாக முட்டை போடும், அடை மட்டும் உட்காராது. அடைக்கு நாட்டுக்கோழி வைக்கலாமென்றால், ஊரை விட்டு ஓடியவர்கள் அதையெல்லாம் அடித்துத் தின்றுவிட்டுத்தான் ஓடியிருந்தார்கள். புதுக் குஞ்சு வராவிட்டால், இருக்கிற கோழிகள் கிழடானதும் எங்கள் பிழைப்பும் முடிந்தது. நைனா பட்டாளத்துச் சமையலுக்கு வடக்கே போய்விடுகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தார். அம்மா அழ ஆரம்பித்தார்.

அக்கா ஐஸ் பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு நைனாவைக் கூப்பிட்டு, "குளுர வெளிய உடாத பொட்டி சூட்ட மட்டும் உட்டுடுமா?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்காக எனக்கு அவர் மேல் இன்னும் பொறாமைதான். அந்தப் பெட்டிக் கதவில் சாய்ந்துகொண்டுதான் நான் பாடம் படிப்பேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

உள்ளே இருந்த சாமான்களைக் கழற்றி எறிந்துவிட்டு, அடியில் இரண்டு பல்பு மாட்டினார். அதற்கு மேலே தகரத்தட்டு, தட்டில் கோணி, கோணியில் முட்டைகள், மூலையில் ஒரு கிண்ணம் தண்ணீர். துரைசாணி மறந்துவிட்டுப் போன காய்ச்சல் தெர்மாமீட்டரை வைத்து முட்டைகளுக்குச் சூடு பார்த்தார். சூடு ஏறினால் ஒரு பல்பைக் கழற்றுவார், இறங்கினால் மாட்டுவார். ஊரெல்லாம் விளக்கை மறைக்கச் சொல்லியிருந்த நேரத்தில் எங்கள் பல்புகள் பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தன. குஞ்சு மூச்சுவிடக் காற்று வேண்டுமே என்று கதவிடுக்கில் ஒரு மரத்துண்டைச் செருகி, விரல் கனத்துக்குத் திறந்து வைத்தார்.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். அடைக்கோழி முட்டையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்காது, அலகால் புரட்டிக்கொண்டே இருக்கும். பெட்டியில் அதை மனிதர் கைதான் செய்ய வேண்டும். அக்கா ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் கரிக்கோடு போட்டார். கோடு மேலே இருந்தால் கீழே திருப்ப வேண்டும், கீழே இருந்தால் மேலே. அக்காவுக்குச் சந்தைக்குப் போகிற வேலை இருந்ததால் கூட ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அக்கா அந்த வேலையை ரமீஜாவிடம் கொடுத்தார்.

ரமீஜா, பெட்டிக்குத் தகரத்தட்டு அடித்துக் கொடுத்த பாயின் மகள். என் வயதுக்காரி, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். தட்டைக் கொண்டு வந்து கொடுத்தவள் அப்படியே எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் பெட்டி முன்னால் தலையோடு தலை முட்டக் குனிந்து குசுகுசுவென்று பேசுவார்கள். நான் அருகே போனால் பேச்சு நின்றுவிடும். நான் ஏன் கூடாது என்று கேட்டதற்கு, "உன் கை வெடுக்குனு கீது. நீ திருப்ப மாட்ட, ஒடச்சிடுவ" என்றார் அக்கா. அன்று நான் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் போயும் ஒரு முட்டைகூட அசையவில்லை. கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக் கூடாதென்று பெட்டியை யாரும் திறக்காமல் இருந்தோம். உடைத்துப் பார்த்தால் உருவான குஞ்சுகள் உள்ளேயே மூச்சுமுட்டிச் செத்திருந்தன. காற்றுக்காக வைத்த மரத்துண்டு பெட்டிக்கு அடியில் கிடந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பொறாமை ஊரறிந்த விஷயம்.

"கூடப் பொறந்தவ மேல இன்னாடி உனுக்கு இவ்ளோ எரிச்சலு? குடும்பத்து வாய்ல மண்ணப் போட்டுட்டியே" என்று நைனா குதித்தார். நான் செய்யவில்லை என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அக்கா என் பக்கம் திரும்பாமல் மரத்துண்டை எடுத்துப் பழையபடி கதவிடுக்கில் செருகினார். அவரும் என்னைத்தான் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். நைனா திட்டிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பெட்டியைத் தாண்டும்போது, அதைப் பார்க்காமலேயே, முழங்கையால் கதவை ஒரு தள்ளு தள்ளினார். மரத்துண்டு கீழே விழுந்தது. அவர் திட்டுவதை நிறுத்தவே இல்லை.

"நைனா, உன் கைய பாரு" என்றார் அக்கா.

ஐஸ் பெட்டிக் கதவு திறந்திருக்கக் கூடாது என்பது துரைசாணியின் முதல் சட்டம். எத்தனையோ வருஷம் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றிய கை அது. போகும்போதும் வரும்போதும் தானே சாத்தியிருக்கிறது. தானும் இடுப்பால் தள்ளியிருக்கலாம் என்று அம்மா மெதுவாகச் சொன்னார். நைனா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அக்கா என்னிடம், நீ இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்றார். எப்படி என்றேன். "நீ செஞ்சிருந்தா மூணு தெருவுக்குச் சொல்லிக்கினு திரிஞ்சிருப்ப" என்றார். அது உண்மைதான். ரமீஜாவின் அப்பா கதவிலேயே துளை போட்டுக் கொடுத்தார். இனி யார் சாத்தினாலும் காற்று போகும். புது முட்டைகளை அடுக்கியாயிற்று. என்மேல் வீண்பழி போட்டதற்காவது திருப்புகிற வேலை எனக்கு வரும் என்று காத்திருந்தேன். மறுபடியும் ரமீஜாவுக்கே போயிற்று.

முட்டைகள் பொரிந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வந்து பார்த்தால் முதல் குஞ்சு ரமீஜாவின் உள்ளங்கையில் நின்றுகொண்டிருந்தது. நைனா வடக்கே போகவில்லை, குடும்பம் பிழைத்தது. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்தக் கை என் கை இல்லையே.

அந்தப் பெட்டியில் தொடங்கியதுதான் அக்காவின் கோழிப் பண்ணை என்பது உங்களுக்குத் தெரியும். தேனாம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, அத்தானைச் சீக்கிரம் இழந்து, பண்ணையைக் கொண்டே பிள்ளைகளை ஆளாக்கினார். கேட்டு வந்த பெண்களுக்கெல்லாம் கோழி வளர்க்கக் கற்றுக் கொடுத்தார். யாரையும் பட்டினியாக அனுப்பியதில்லை. உங்களுக்கு அவர் கொடுத்த நேரமெல்லாம் என் பங்கிலிருந்து போனதுதான்.

கடைசியில் விழுந்து இடுப்பொடிந்து படுக்கையானார். படுக்கைப்புண் வராமலிருக்க அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் துணிப் பெட்டியோடு போய் அக்கா வீட்டில் தங்கிவிட்டேன். எனக்கும் வயதாகிவிட்டது என்று எல்லோரும் தடுத்தார்கள். நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் ரமீஜா தடியூன்றிப் பார்க்க வந்தாள். அக்காவைப் புரட்டும் நேரம் வந்ததும், பழக்கம்போல அவள் கையை முன்னால் நீட்டினாள். அக்கா கண்ணைத் திறந்தார்.

"நீ உடு ரமீஜா. சின்னது திருப்பட்டும்" என்றார்.

அக்காவைக் கவனித்த மருத்துவருக்கும், இரவு பகல் பார்க்காமல் உழைத்த அக்கா மகனுக்கும் மருமகளுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், வந்து அழுத அத்தனை தம்பி தங்கைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரமீஜாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அக்கா சொன்னதும் கையை எடுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.