சைலோவுக்கு நேரே ஒரு கோடு

காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஓட்டோ பிடித்தேன். காங்கேசன்துறை பதினெட்டுக் கிலோமீற்றர்; இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. மழை மூட்டத்தில் பேரம் பேசவும் மனம் வரவில்லை.

நான் திருகோணமலைக்காரி. எங்கள் துறைமுகத்துச் சைலோவில், அந்தச் சேமிப்புக் கோபுரத்தில், கோதுமை இருக்கும். காங்கேசன்துறைச் சைலோ சீமெந்துக்காகக் கட்டியது. அயல் நிலத்தைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல் எடுத்தார்கள். சுட்டு, அரைத்து, இந்தக் கோபுரங்களில் நிரப்பிக் கப்பலேற்றினார்கள். தொண்ணூறில் யுத்தம் ஆலையை நிறுத்தியது. சனமும் ஊரைவிட்டு ஓடியது. தோண்டிய குழிகளில் இப்போது பச்சைத் தண்ணீர். சைலோவின் உச்சியில் ஆலங்கன்று. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று எரிச்சல் வந்தது.

எட்டு மணிக்குப் பக்கத்து மயிலிட்டித் துறை. கடலில் நின்று சைலோவைப் படமெடுக்க, செல்வராசா அண்ணையின் படகை முதல்நாளே பேசி வைத்திருந்தேன். அறுபது தாண்டியவர். மடியில் ஒரு துணி முடிச்சு.

"இண்டைக்கு என்ரை தம்பியின்ரை திவசம், தங்கச்சி. நானும் அந்தப் பக்கந்தான் போறன்."

ஊர் இடம்பெயர முன்னரே தம்பியின் வள்ளம் கவிழ்ந்ததாம். உடல் கிடைக்கவில்லை. இடத்தை மட்டும் கடற்காரர் வழக்கப்படி கரையைப் பார்த்துக் குறித்திருந்தார்கள்.

"தண்ணித் தாங்கி சைலோவுக்குப் பின்னாலை மறைஞ்சா ஒரு கோடு. கரையிலை நிண்ட ரெட்டைப் பனை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு வந்தா மற்றக் கோடு. ரெண்டும் வெட்டுற இடத்திலைதான் தம்பி."

கரையைத் தேடினேன். பனை எதுவும் இல்லை.

"இருபத்தேழு வருசம் கழிச்சுத்தானே ஆமி எங்களை ஊருக்கை வர விட்டது. அதுக்கிடையிலை பனை அழிஞ்சு போச்சுது. சைலோவையும் இடிக்கப் போகினமாம் எண்டு கதைக்கினம்."

"அதற்கென்ன, போனில் குறித்துவைப்போமே!" பெரிய கெட்டிக்காரி போலப் போனை எடுத்தேன். தண்ணீர்த் தாங்கி சைலோவுக்குப் பின்னால் மறைந்தது. "எந்த இடத்தில் அழுத்த, அண்ணை?"

கேட்டபின்தான் உறைத்தது. வெட்ட மற்றக் கோடு இல்லை. கரையில் இருந்து கண்ணுக்கெட்டும் வரை ஒரே கோடு.

அவர் இயந்திரத்தைத் தணித்து, முடிச்சை அவிழ்த்து, அரிசியையும் எள்ளையும் சிட்டிகை சிட்டிகையாகக் கடலில் விடத் தொடங்கினார். தாங்கி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் படகைத் திருப்பிக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். துணி வெறுமையாகும் வரை போனோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதிலை அழுத்துங்கோ," என்றார்.

திருகோணமலையில் என் வீட்டு மாடியில் நின்றால் கோதுமைச் சைலோ தெரியும். காட்சியைக் கெடுக்கிறது என்று எத்தனையோ தடவை முறைப்பட்டிருக்கிறேன். இப்போது வாயே திறப்பதில்லை. போனில் அந்தப் புள்ளியும் அப்படியே இருக்கிறது. அது அரிசி தீர்ந்த இடம் மட்டும்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.