ஹலோ அக்காவின் அரை மணி

துணி துவைக்கும் மிஷின் விற்கும் கம்பெனிகளில் புகார் கேட்பவர் என்றொரு உத்தியோகம் உண்டு. விற்கிறவருக்குக் கமிஷன், ரிப்பேர் செய்கிறவருக்குப் பயணப்படி, கேட்கிறவருக்கு வசவு. அந்த வசவை வருஷக்கணக்காக டெலிபோனில் வாங்கிவரும் அம்மாளை ஆபீசில் எல்லோரும் ‘ஹலோ அக்கா’ என்பார்கள். வீட்டில் கதவு தட்டினால்கூட, "ஹலோ, சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்றுதான் வாயில் வரும். கல்யாணமான புதிதில் தூக்கத்தில் அப்படிக் கேட்டபோது, புருஷன் பயந்துபோய், "பிரச்சினை ஒண்ணுமில்லீங்க" என்று மரியாதையாகப் பதில் சொன்னாராம்.

இந்த வருஷம் அந்தப் பிரிவில் இரண்டு பேர் நாற்காலியிலேயே மயங்கிச் சாய்ந்தார்கள். ஆள் போதவில்லை என்று மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் நினைக்கலாம். நிர்வாகம் ஆழமாகப் பார்த்து, ஊழியர்களுக்கு மனப்பக்குவம் போதவில்லை என்று கண்டுபிடித்தது. தினமும் புகார்ப் பிரிவிலேயே ஜமக்காளம் விரித்து மன அமைதி வகுப்பு என்று ஏற்பாடாயிற்று. நேரம், மதியச் சாப்பாட்டு அரை மணி. வேலை நேரத்தில் வைத்தால் வேலை கெட்டுவிடும் அல்லவா?

வகுப்பெடுக்க வந்த ஆசான் தங்கமான மனிதர். "கடமையைச் செய்யுங்க, பலனை மனசுல ஏத்தாதீங்க. யார் திட்டினாலும் சாட்சியா நின்னு பாருங்க" என்றார். முன்வரிசையில் மேனேஜர் உருகித் தலையாட்டினார். அவர் தம் அறையில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

ஹலோ அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். வகுப்பு தொடங்கிய வாரமே போன் கைநழுவி விழுந்தது. மறுமுனையில் இருந்தவர் அந்தச் சத்தத்தையும் புகாரில் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில், தையல் மிஷினை மிதித்தபடியே புருஷன் சொன்னார்: "மேனேஜர்கிட்ட வாயைக் குடுக்காதடி. வேலை போயிடும்."

"குடுக்கப் போறதில்ல. வாய்ல போடப் போறேன்."

மறுநாள் வகுப்பில் எல்லோரும் கண்ணை மூடியதும், அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். வாசனை மெதுவாக முன்வரிசை வரை நடந்துபோய் மேனேஜரை எழுப்பியது.

"என்னம்மா பண்றீங்க?"

"சாப்பிடறேன் சார்."

"வகுப்பு நடக்கும்போதா? சாப்பாட்டு மேல அவ்வளவு ஆசையா?"

"ஆசையே இல்ல சார். கடமையா மெல்லுறேன். ருசியா இருந்தா சந்தோஷமும் இல்ல, உப்பு கம்மின்னா வருத்தமும் இல்ல."

ஆசான் மேவாயைத் தடவி யோசித்தார். "அம்மா சொல்றது சரிதாங்க" என்றார்.

"எந்திரிச்சு வெளிய போங்க! நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை இருக்காது!" என்று சீறினார் மேனேஜர்.

அக்கா கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"போறேன் சார், சாப்பிட்டுட்டு. இது எங்க அரை மணி. எங்களுக்கு அமைதி குடுக்கறதா இருந்தா உங்க நேரத்துல குடுங்க."

பின்வரிசையில் ‘டக்’ என்றொரு மூடி திறந்தது. அடுத்தது. பிறகு வரிசையாக, மழை பிடித்தாற்போல.

"நானும் இன்னும் சாப்பிடலை" என்றார் ஆசான், சற்றே வெட்கத்துடன். யாரோ ஒரு மூடியில் அவருக்கும் பங்கு வைத்து நீட்டினார்கள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. புகார்ப் பிரிவின் போன்கள் கூட்டாக அலறின. போனை எடுக்க ஒருவரும் எழவில்லை. அக்கா கை கழுவி வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப ஆரம்பிங்க ஐயா."

வயிறு நிறைந்த ஆசானின் குரல் அன்றுபோல் என்றும் கணீரென்று இருந்ததில்லை.

"போன் அடிக்குது! இன்னிக்கு டார்கெட் என்ன ஆகறது?" மேனேஜர் கத்தினார்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "அதுதான் சார் பலன்."

வேறு வழியில்லாமல் மேனேஜரே அக்காவின் நாற்காலியில் அமர்ந்து போனை எடுத்தார். மறுமுனையில், மிஷினில் போட்ட கல்யாணச் சட்டை கந்தலாக வெளிவந்த ஒருவர். அவர் மேனேஜரில் தொடங்கி, அவருடைய பரம்பரையைப் பின்னோக்கி முறையாக விசாரித்துக்கொண்டு போனார். மேனேஜரின் காது சிவந்தது, கழுத்து வியர்த்தது.

"சாட்சியா நில்லுங்க சார்" என்றது பின்வரிசை.

மறுநாளிலிருந்து வகுப்பு வேலை நேரத்துக்கு மாறியது. அக்காவின் வேலையும் போகவில்லை. அந்த நாற்காலியில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்த மேனேஜருக்கு, அதைக் காலி செய்யும் துணிச்சல் வரவேயில்லை.