எருமப்பட்டி வீட்டில் நாலரை மணி வெயில்

இங்கே தான்சானியாவில் காலை ஏழு மணியை ஒரு மணி என்கிறார்கள். சூரியன் வந்த பிறகுதான் கணக்கு ஆரம்பம். எட்டு மணி என்றால் இரண்டு, ஒன்பது என்றால் மூன்று. நான் வந்த புதிதில், நாளைக்கு மூன்று மணிக்கு டீசல் வரும் என்று லாரிக்காரர் சொன்னதை நம்பி மதியம் போய் நின்றேன். அவர் காலையிலேயே வந்து, காத்திருந்து, திட்டிவிட்டுப் போயிருந்தார். இந்த ஊர்க்காரர் வாயில் ஒரு மணி, என் கைபேசியில் ஒரு மணி, மனசுக்குள் எருமப்பட்டி மணி. நம் ஊர் நேரம் தெரிய கைபேசி மணியோடு இரண்டரை கூட்ட வேண்டும். ஊரில் யாராவது ஒரு நேரம் சொன்னால் இரண்டரை கழிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற எல்லோரும் இதை யோசிக்காமலே செய்கிறோம். அப்படி யோசிக்காமல் கழித்ததால் என் வீட்டில் ஒரு வம்பு பெரிதானது. நேரில் நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன் நான். அதனால் எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வந்து, டொடோமா பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை எனக்கு. நாமக்கல் பக்கம் எருமப்பட்டிக்கு வெளியே காட்டுக்குள், அதாவது தோட்டத்துக்குள், எங்கள் வீடு. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். மனைவி சரசு இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். போன விடுமுறையில் வாசல் பக்கம் ஒரு கேமரா மாட்டினேன். அடுத்த காட்டில் இருக்கும் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "பொம்பள தனியா இருக்கற ஊடு. என்ற போன்லயும் தெரியற மாதிரி பண்ணிக் குடு தம்பி, நானும் ஒரு கண்ணு பாத்துக்கறேன்" என்றார். அண்ணன் கேட்டு நான் இல்லையென்று சொன்னதே கிடையாது. பண்ணிக் கொடுத்தேன். சரசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ஒரு நாள் அண்ணன் கூப்பிட்டார். "வெள்ளிக்கெழம வெடியக்காலம் நாலரைக்கு ஒரு ஆளு கேட்டத் தொறந்து உங்கூட்டுக்குள்ள போயிருக்கறான் தம்பி. என்ற போன்ல இருக்குது." படத்தைப் பார்த்தீர்களா என்றேன். "படம் சுத்திக்கிட்டேதான் இருக்குது, வரல. ஆளுன்னு எழுத்து மட்டும் வந்திருக்குது. நீ அந்த வீடியோவ எடுத்து அனுப்பு. இல்லீன்னா கோயில் பொங்கலுக்குப் பங்காளிக எல்லாரும் வாராங்கல்ல, அங்க வெச்சு சரசுவையே கேட்டுப்போடறேன்." இருபது குடும்பங்கள் கூடுகிற இடத்தில், மாலை போட்ட சாமிக்கு முன்னால், என் மனைவியை நிற்க வைத்து அதைக் கேட்பார். சரிங்ண்ணா என்று மட்டும் சொன்னேன்.

நாலரையில் இரண்டரை போனால் இரண்டு. என் கைபேசியில் வெள்ளிக்கிழமை இரண்டு மணியைத் தேடினேன். பதிவு இல்லை என்றது. வீடியோவை வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் என்று ஒரு பொத்தான் இருந்தது. நாமக்கல்காரனுக்கு எக்ஸ்போர்ட் என்றால் முட்டைதான் நினைவுக்கு வரும். அதை அழுத்தினால் வட்டம் சுற்றும், கடைசியில் கோப்பு இல்லை என்று வரும். செயலியை அழித்து மறுபடி ஏற்றினேன். கைபேசியில் இடம் காலி செய்தேன். சரசுவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் ஸ்டூலில் ஏறி கேமராவின் மெமரி கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கார்டு நிறைந்தால் பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்பது வேறு பயம்.

"பூமிக்குள்ள ஆயிரம் அடி ஓட்ட போடறீங்க, இந்தப் பொட்டிக்குள்ள இருந்து ஒரு படத்த எடுக்க முடியலீங்களா?" என்றாள். குரலில் கேலி இருந்தது. கேலிக்கு அடியில் கோபமும் இருந்தது. கேமரா கம்பெனி உதவி எண்ணில் பேசிய பெண், கார்டை ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்றார். சரசுவிடம் சொன்னேன். "அழிச்சுப்போட்டுத்தான் தேடறதுங்களா? அப்புறம் அவளே அழிச்சுட்டாம்பாரு உங்கண்ணன். நான் தொட மாட்டேன்."

நாங்கள் தங்கியிருக்கும் முகாமுக்குப் பக்கத்தில் மாமா நேமா என்பவர் கைபேசிக் கடை வைத்திருக்கிறார். இங்கே மாமா என்றால் அம்மா. அவர் கணவரும் வேறு ஊரில்தான் வேலை செய்கிறார். கடையும் வீடும் அவர் கையில். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்வாஹிலியில் பிரச்சினையைச் சொன்னேன். அவர் ஏதோ நீளமாகக் கேட்டார். புரியாவிட்டால் தலையாட்டுவது என் வழக்கம். ஆட்டினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கேமரா திருடனைப் பிடிக்கவா, மனைவியைப் பிடிக்கவா என்று கேட்டாராம். நான் இரண்டுக்கும் ஆமாம் போட்டிருக்கிறேன். எங்கள் வண்டி டிரைவர் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. சிரித்து முடித்து அவர் இன்னொன்று கேட்டார். "சா யா நானி?" யாருடைய மணி? இரண்டு விதமாக மணி சொல்கிற ஊரில் எல்லோரும் சாதாரணமாகக் கேட்பதுதான்.

அந்தக் கேள்வியோடு முகாமுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. விடுமுறையில் ஊருக்குப் போனாலும் என் கைபேசி இந்த நாட்டு மணியில்தான் இருக்கும். முகாமிலிருந்து கூப்பிடுவார்கள் என்று மாற்றுவதில்லை. அந்தக் கைபேசியை வைத்துத்தான் கேமராவை மாட்டினேன். கேமரா இந்த மணியைப் பிடித்துக்கொண்டது. இங்கிருந்து பார்க்கும்போதெல்லாம் படத்தின் மூலையில் ஓடும் மணியும் என் மணியும் ஒன்றாகவே இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எருமப்பட்டியில் என் வீட்டு வாசல் மட்டும் இத்தனை மாதமாக டொடோமா மணியில் இருந்திருக்கிறது.

கழிக்காமல் நாலரையையே தேடினேன். உடனே வந்தது. நல்ல வெயில். தென்னை நிழல் வாசல் முழுக்க விழுந்து கிடக்கிறது. தலையில் துண்டு கட்டிய ஒரு ஆள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறார், மோட்டார் ரூம் ஓரத்தில் இருந்த மருந்து தெளிக்கிற டப்பாவை எடுத்துத் தோளில் மாட்டுகிறார், போகிறார். நாலரையோடு இரண்டரை கூட்டினால் ஊரில் காலை ஏழு மணி. அந்த நேரத்தில் சரசு பால் சொசைட்டியில் இருப்பாள். அந்த ஆள் என் அண்ணன்.

சரசுவுக்குச் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஏனுங்க, இது உங்கண்ணனா இல்லாம, மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அனுப்பியிருப்பீங்க. இருபது குடும்பமும் கூடிப் பாத்து, நான் நல்லவளான்னு முடிவு பண்ணியிருப்பாங்க." போனை வைத்துவிட்டு ரிக்குக்குப் போனேன். அன்று வேலை முழுக்க அதுவே ஓடியது. மறுநாள் நானே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கெடச்சுதா?"

"கெடச்சுதுங்ண்ணா."

"அனுப்பு."

"அனுப்ப மாட்டனுங்க."

"என்றா, மறைக்கப் பாக்கறயா?"

"அதுல இருக்கறது நீங்கதானுங்க. மருந்து டப்பா எடுக்க ஏழு மணிக்கு வந்தீங்க. கேமராவுல மணி தப்பு."

அண்ணன் பெரிதாகச் சிரித்தார். "அட, நானா! செரி உடு, தீந்துது போ."

"தீரலீங்ண்ணா. வேற ஆரா இருந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அவ ஊட்டுக்கு ஆரு வாராங்கன்னு அவ சொன்னாப் போதும். கோயில்ல கேக்கறதுன்னா என்னையக் கேளுங்க. எல்லாரு முன்னாலயும் போன்ல நிக்கறேன். உங்க போன்ல இருந்து கேமராவ எடுத்துட்டேன்."

"கடல் தாண்டிப் போயும் பொண்டாட்டி பேச்சுத்தானா உனக்கு?"

"ஆமாங்க."

போனை வைத்தேன். ஐம்பது வயதுக்கு மேல் அண்ணனிடம் முதல் எதிர்ப் பேச்சு. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. இதைப் படிக்கிற ரிக் வண்டிக்காரர்களுக்கும், தூரத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கேமராவை மாட்டுங்கள். ஆனால் அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதை வீட்டில் இருக்கிறவளிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பொங்கல் நல்லபடியாக நடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் சரசு மறுபடி ஸ்டூலில் ஏறி, என்னிடம் கேட்காமலே, கேமராவை ரோட்டைப் பார்த்துத் திருப்பிவிட்டாள். இப்போது செயலியைத் திறந்தால் என் வீடு தெரிவதில்லை. நாமக்கல் போகிற தார் ரோடும் அதில் போகிற பஸ்ஸும் தெரிகின்றன. காலையில் பால் கேனோடு அவள் ஸ்கூட்டர் ஓரத்திலிருந்து வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டில் ஏறிப் போகும். அவள் மேலே பார்ப்பதில்லை. சுற்றிலும் ரிக் இரைகிறது, சட்டை முழுக்க இந்த ஊர்ச் செம்மண், கையில் எங்கள் ஊர் ரோடு. வீட்டுக்குள் பார்க்க வேண்டுமென்றால் இனி நான்தான் அந்த ரோட்டில் நடந்து போய்க் கேட்டைத் தட்ட வேண்டும்.